அருவி இழுத்த ரயில்கள்: அப்பாவுடன் ஐந்து நாள்

நாள் 1: கூர், அரோசா

அப்பாவுக்கு வெளிநாடு பார்க்கிற ஆசை பெரிதாகக் கிடையாது. நான் ஷ்டுட்கார்ட்டில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், 'எனக்கெதுக்கு கண்ணு அதெல்லாம்' என்பதுதான் பதில். போன வருடம் போனில் பேசும்போது பேச்சுவாக்கில், சுவிட்சர்லாந்தில் ஒரு ரயில் பல்சக்கரமே இல்லாமல் ஊட்டி உயரத்துக்கு ஏறுகிறது, அதுவும் 1910-லிருந்து கரண்டில் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், 'கிரேடியண்ட் எவ்வளவு?' என்று கேட்டார். அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டேன்.

அப்பா மின்வாரியத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். அதில் பெரும்பகுதி சிங்காராவில், பைக்காரா பவர் ஹவுஸில். கிளன்மார்கனிலிருந்து மலைச்சரிவில் கம்பிவடம் கட்டி இறக்குகிற விஞ்ச்சில் உட்கார்ந்துதான் வேலைக்குப் போய் வந்தார். சின்ன வயதில் அவர் அதைப்பற்றிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அது ஒரு ரயிலாகவே தோன்றும். இந்த ஐந்து நாள் பயணத்தை நான் போட்டதற்கு அந்த விஞ்ச்சும் ஒரு காரணம்.

கூர் ரயிலடிக்கு வெளியே வந்து நின்றோம். அரோசா போகிற ரயில் எந்த பிளாட்பாரம் என்று அப்பா திரும்பிப் பார்க்கிறார், ரயில் எங்கள் முன்னால் ரோட்டில் நிற்கிறது. டவுன் பஸ் நிற்கிற மாதிரி, ரயிலடி வாசலிலேயே. சிவப்பு வண்டி, மீட்டர் கேஜ். ஏறி உட்கார்ந்ததும் அது கார்களுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே ஊருக்குள் ஊர்ந்து போய், பழைய நகரத்தின் ஓரமாக பிளெசூர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு, கடைசி வீடு தாண்டியதும் திடீரென்று மலை ரயிலாகிவிடுகிறது.

இந்த வகைக்குத் தமிழில் ஒரு பெயர் இல்லை. ஊர்விட்டு ஊர் போகிற டிராம் என்று சொல்லலாம். 1890-களிலிருந்து முதல் உலகப்போர் வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவை ஏராளமாக முளைத்தன. நகரத்துக்குள் டிராம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் (நம் சென்னையிலேயே 1895-ல் மின்சார டிராம் வந்துவிட்டது) அதே தண்டவாளத்தையும் கம்பியையும் அப்படியே அடுத்த ஊருக்கு நீட்டினார்கள். கூர் இருக்கிற இந்த கிராவ்பூண்டன் மாநிலத்தில் அடுத்த ஊர் மலைமேல் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அரோசா காசநோய்க்காரர்கள் காற்றுக்காக வந்து தங்கிய ஊர், அப்புறம் பனிச்சறுக்கு. கூரிலிருந்து 26 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 1150 மீட்டர் ஏற்றம். 1914 டிசம்பர் 12-ல் ரயில் ஓட ஆரம்பித்தது, போர் தொடங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. முதல் நாளிலிருந்தே மின்சாரம்தான், 2000 வோல்ட் டி.சி. 1997-ல் அதை மாற்றி, ரேத்திய ரயில்வே என்ற இந்த நிறுவனத்தின் பிரதான தடங்களில் இருப்பதுபோல 11,000 வோல்ட் ஏ.சி. ஆக்கினார்கள். இதை நான் ரயிலுக்குள் சொன்னதும் அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

'பதினொன்னு கே.வி.யா? இந்த ரோட்டு மேலயா?'

நம் ஊரில் தெருவுக்கு வெளியே டிரான்ஸ்பார்மர் வரைக்கும் வருகிற ஃபீடர் 11 கே.வி.தான். அந்த அளவு மின்சாரம், சைக்கிளில் பிள்ளைகள் போகிற தெருவின் தலைக்கு மேல், ஒரு கம்பியில். திரும்பி வந்ததும் கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இன்சுலேட்டர் எத்தனை தட்டு, சுவரில் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று நடந்து நடந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். வேலையில் இருந்தபோது மணிக்கொரு தரம் ரீடிங் எடுத்து எழுதிய பழக்கம், இன்னும் போகவில்லை. கோடு போட்டு நாலு கட்டம்: தேதி, இடம், வோல்ட், குறிப்பு. முதல் வரி: கூர், 11,000. குறிப்பில் 'ரோட்டு மேல்' என்று மட்டும்.

வழியில் லாங்வீஸ் பாலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த நாளை முடிக்க முடியாது. ஆற்றுக்கு மேல் 62 மீட்டர் உயரம், நடு வளைவு ஒரே தாவலில் 100 மீட்டர். கம்பி கட்டிய கான்கிரீட்டில் இவ்வளவு பெரிய ரயில் பாலம் அதுவரை உலகத்தில் இல்லை. ஏன் கான்கிரீட் என்றால், அந்தப் பள்ளத்தாக்கில் பாலம் கட்டுகிற தரத்தில் கல் கிடையாது. ஆற்றில் மணலும் சரளையும் வேண்டிய மட்டும் கிடந்தது. இருப்பதை வைத்துக் கட்டினார்கள். கான்கிரீட் காயும்வரை தாங்குவதற்கு ரிச்சர்ட் கொராய் என்பவர் விசிறி விரித்தாற்போல மரத்தில் ஒரு சாரம் கட்டிக்கொடுத்தார். அந்தச் சாரத்தின் பழைய படங்களைப் பார்த்தால் பாலத்தைவிட அதுதான் அழகு என்று எனக்குத் தோன்றும்.

நாள் 2: அல்புலா

இன்று தடம் வேறு. கூரிலிருந்து தூசிஸ், ஃபிலிசூர், பெர்க்யூன், சமேடன். எல்லோரும் போட்டோ எடுக்கிற லாண்ட்வாஸர் பாலம் இதில்தான் வருகிறது, 65 மீட்டர் உயரத்தில் வளைந்து போய் நேராகப் பாறைச் சுவருக்குள் நுழையும். எத்தனை படம் பார்த்திருந்தாலும் நேரில் அந்த வளைவில் நம் வண்டியின் முன்பகுதி மலைக்குள் போய் மறைவதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் நான் அப்பாவுக்குக் காட்ட விரும்பியது பெர்க்யூனுக்கும் பிரேடாவுக்கும் நடுவில் இருக்கிற துண்டு. இரண்டு ஊருக்கும் உயர வித்தியாசம் 400 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நேராகப் போனால் பக்கம்தான். ரயிலோ மலைக்குள் சுரங்கம் போட்டுச் சுற்றிச் சுற்றி, பள்ளத்தாக்கின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் போய் 12 கிலோமீட்டர் ஓடுகிறது. பெர்க்யூன் சர்ச் கோபுரம் ஒரு தரம் வலது பக்கம், ஒரு தரம் இடது பக்கம், ஒரு தரம் காலடியில். அதுவும் போதாமல் மேலே போனதும் கணவாயின் உச்சிவரை ஏற முடியாமல் 5865 மீட்டர் நீளத்துக்கு மலையைக் குடைந்து போனார்கள். (அது பழைய சுரங்கம். பக்கத்திலேயே புதிதாக ஒன்று வெட்டி 2024-லிருந்து ரயில் அதில்தான் போகிறது.)

இத்தனை சுற்று எதற்கு? 1903-ல் இந்தத் தடம் திறந்தபோது ஓடியது நீராவி எஞ்சின். அதனால் ஏற்றம் 1000 மீட்டருக்கு 35 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொண்டார்கள். நீராவி எஞ்சின் தன் கரியையும் தண்ணீரையும் தானே சுமக்க வேண்டும், பின்னால் இருக்கிற பெட்டி அத்தனையும் அதன் சக்கரங்கள் மட்டுமே இழுக்க வேண்டும். பாதையை நீட்டி ஏற்றத்தைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

அப்புறம் போர். சுவிட்சர்லாந்தில் கரி கிடையாது, எல்லாம் வெளியிலிருந்து வரவேண்டும். விலை ஏறியது, வரத்துக் குறைந்தது. தண்ணீரோ மலை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. 1913-ல் எங்கடீன் பள்ளத்தாக்கில் 11,000 வோல்ட் ஏ.சி.யில் ரயில் விட்டுப் பார்த்த அனுபவம் இருந்ததால், போர் முடிந்த கையோடு 1919-ல் அல்புலாவுக்கும் கம்பி இழுத்தார்கள், 1922-க்குள் நிறுவனத்தின் பிரதான தடங்கள் முழுக்க மின்சாரம். பெர்க்யூனில் ரயில் மியூசியம் வாசலில் அந்தக் காலத்து எஞ்சின் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் நீண்ட மூக்கு, நடுவில் அறை, அதனால் முதலை என்று பெயர். சக்கரங்களை இணைக்கிற ராடு நீராவி எஞ்சினில் இருப்பதுபோலவே இருக்கும், ஆனால் தள்ளுவது மோட்டார்.

அப்பாவுக்கு முதலையைவிட ஒரு எண் பிடித்துக்கொண்டது. இங்கே ஏ.சி. நொடிக்கு 50 சைக்கிள் இல்லை, 16.7. 'இதென்ன கணக்கு?' என்றார். 50-ஐ மூன்றால் வகுத்தது. அந்தக் காலத்து மோட்டார்களில் கார்பன் பிரஷ் உரசுகிற இடத்தில் 50 சைக்கிளில் தீப்பொறி பறந்து கருகிவிடும், அதனால் மூன்றில் ஒன்றாகக் குறைத்தார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் ரயில் இன்றைக்கும் அதே கணக்கில்தான் ஓடுகிறது. நூறு வருடத்துக்கு முன் ஒரு பிரஷ் கருகியதற்காக எடுத்த முடிவு.

சமேடனில் ரயில் மாறும்போது பக்கத்துத் தடத்தில் கம்பியில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆரஞ்சு சட்டைக்காரர்கள் இரண்டு பேர் கூடையில் மேலே. அப்பா அவர்களைப் பார்க்கவே இல்லை. கம்பியில் தேடி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, கம்பியை மண்ணோடு சேர்க்க மாட்டியிருந்த எர்த் ராடைக் கண்டுபிடித்த பிறகுதான் மூச்சு விட்டார். 'எல்.சி. வாங்கித்தான் ஏறியிருக்காங்க' என்றார்.

மின்வாரியத்தில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் எல்.சி. தெரியாத பிள்ளை கிடையாது. லைன் கிளியர். லைன்மேன் கம்பத்தில் ஏறுவதற்கு முன் சப் ஸ்டேஷனில் சொல்லி சப்ளையை நிறுத்தி எல்.சி. வாங்க வேண்டும். வேலை முடிந்து, ஆட்களும் சாமானும் இறங்கி, எர்த் எடுத்து, வாங்கியவரே எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி சார்ஜ் செய்வார்கள். அதுவரை எவ்வளவு நேரமானாலும் லைன் அப்படியே கிடக்கும். அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த ராத்திரிகள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. 'எல்.சி. இன்னும் வரல' என்று போனில் சொல்வார், அம்மா தட்டை மூடி வைப்பாள்.

இரவு பொன்ட்ரெசினாவில். தங்கிய இடத்தில் அறைக்குள் சமைக்கக்கூடாது என்று ஒட்டியிருந்தார்கள். கொண்டுபோன பருப்புப்பொடியும் பாக்கெட் சோறும் பிளாஸ்க் வெந்நீரும் போதுமானதாக இருந்தது.

நாள் 3: பெர்னினா

இதற்காகத்தான் வந்தோம்.

கண்ணாடிக் கூரை போட்ட சுற்றுலா வண்டி ஒன்று உண்டு, எல்லோரும் அதில்தான் புக் செய்கிறார்கள். நாங்கள் சாதாரண ஊர் வண்டியில் போனோம். அதே தடம், அதே மலை, பின் பெட்டிகளில் ஜன்னலை இறக்கிவிடலாம். தலையை நீட்டாமல், குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்க, மோட்டார் முனகுவதைக் கேட்டுக்கொண்டு போகலாம். மலை ரயிலில் ஜன்னல் திறக்கவில்லை என்றால் அது டி.வி. பார்ப்பதுபோலத்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பொன்ட்ரெசினா ரயிலடியில் ஒரு பக்கம் 11,000 வோல்ட் ஏ.சி., இன்னொரு பக்கம் 1000 வோல்ட் டி.சி. நடுவில் ஒரு தடத்தை மட்டும் எந்த வண்டி வருகிறதோ அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்கிறார்கள். 2010-லிருந்து ஓடுகிற புதுவண்டிகள் இரண்டிலும் ஓடும். ஒரே நிறுவனத்தின் ரயிலடிக்குள் எதற்கு இரண்டு மின்சாரம்? ஏனென்றால் பெர்னினாத் தடம் பிறக்கும்போது இந்த நிறுவனத்துக்குச் சொந்தமில்லை. அது தனிப் பிள்ளை. 1908-ல் துண்டு துண்டாகத் திறந்து, 1910 ஜூலையில் செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலி எல்லையில் உள்ள திரானோ வரை சேர்ந்தது. மொத்தம் 61 கிலோமீட்டர். ஆரம்பத்தில் 750 வோல்ட், டிராமுக்குக் கொடுக்கிற மாதிரி. 1935-ல் 1000.

மோர்டெராட்ஷ் தாண்டி வண்டி ஒரு பெரிய வளைவில் திரும்பும்போது பனியாறு முழுதாகத் தெரிந்தது. அப்பா அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மறுபடியும் தண்டவாளத்தைப் பார்த்தார். எங்கேயாவது நடுவில் பல் தண்டவாளம் வருகிறதா என்று தேடுகிறார். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் பல்லைப் பார்த்துப் பழகிய கண்.

வராது. பெர்னினாவில் 1000 மீட்டருக்கு 70 மீட்டர் ஏற்றம், அதாவது 14 அடிக்கு ஓர் அடி. நம் மேட்டுப்பாளையம் வண்டி 12 அடிக்கு ஓர் அடி. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இங்கே சக்கரமும் தண்டவாளமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிற பிடி மட்டும்தான். மோட்டார் வண்டியில் கரி இல்லை, தண்ணீர் இல்லை. சக்கரத்துக்குச் சக்கரம் மோட்டார் வைக்கலாம், வண்டியின் எடையே பிடியாகிறது. மின்சாரத்தை நம்பி முதலிலிருந்து போட்ட பாதை என்பதால் அல்புலாவைப்போலச் சுற்றவும் இல்லை, உச்சிக்கடியில் நீளச் சுரங்கமும் வெட்டவில்லை. கணவாயின் மேலேயே ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டார்கள்.

ஒஸ்பிட்ஸியோ பெர்னினாவில் இறங்கினோம். 2253 மீட்டர். இது ஜூன், ஏரி ஓரத்தில் இன்னும் பனி கிடந்தது. அப்பாவுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது, பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'நம்ம ஊட்டி ஹைட்டுதான்' என்று அவரே சொன்னார்.

அந்தக் கணக்கைத்தான் நான் இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தேன். திரானோ கடல்மட்டத்திலிருந்து 429 மீட்டர், இங்கே 2253. ஏற்றம் 1824 மீட்டர், 38 கிலோமீட்டரில். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர், ஊட்டி ரயிலடி சுமார் 2200. ஏற்றம் ஏறக்குறைய 1870, 46 கிலோமீட்டரில். இரண்டும் மீட்டர் கேஜ். பெர்னினாவின் முதல் துண்டுகள் திறந்தது 1908, குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயில் போய்ச் சேர்ந்ததும் 1908. நம் வண்டியின் பல் தண்டவாளம் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை, அதில் பின்னால் வந்த எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் இதே நாட்டில் விண்டர்தூர் தொழிற்சாலையில் செய்தவை. அதாவது, நமக்குப் பல்லையும் நீராவியையும் கொடுத்தவர்களே தங்கள் மலையில் இரண்டையும் விட்டுவிட்டு ஏறக் கற்றுக்கொண்டார்கள். இரண்டுமே இப்போது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன, நம்முடையது 2005, இவர்களுடையது 2008.

அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டார்: 'பைக்காரா எப்ப வந்துச்சு?' அவருக்குத் தெரியும். 1932. 'அந்தத் தண்ணி கோயமுத்தூர் மில்லெல்லாம் ஓட்டுச்சு. பக்கத்துலயே போற ரயிலை மட்டும் ஓட்டல.'

நான் பதில் சொல்லவில்லை. இது குறையாகச் சொன்னதா ஆசையாகச் சொன்னதா என்று எனக்குத் தெரியும். குன்னூர் ஏற்றத்தில் நீராவி மூச்சு விடுவதைக் கேட்கிற சந்தோஷம் எனக்கும் வேண்டும்தான். ஆனாலும் அந்த வாக்கியம் என்னோடு கூடவே வந்தது.

ஒஸ்பிட்ஸியோவில் அடுத்தடுத்து இரண்டு ஏரி. லெய் நாயிர், கறுப்பு ஏரி. லாகோ பியாங்கோ, வெள்ளை ஏரி. பனியாறு அரைத்த பாறைத்தூள் கலந்து பால் தெளித்த மாதிரி இருக்கும். நடுவில் ஒரு சின்ன அணை. கறுப்பு ஏரியின் தண்ணீர் இன் ஆறு, டான்யூப் என்று போய்க் கருங்கடலில் சேரும். வெள்ளை ஏரித் தண்ணீர் போ ஆறு வழியாக இத்தாலிப் பக்கம் ஏட்ரியாட்டிக் கடலுக்கு.

ஆரம்பத்தில் இந்தத் தடம் கோடைக்கு மட்டும்தான் என்று இருந்தது. 1913-14 குளிர்காலத்திலிருந்துதான் வருடம் முழுக்க ஓடுகிறது. அதற்குப் பட்டபாடு பெரிது. பனிச்சரிவு விழுகிற இடங்களில் தடத்தையே மாற்றிப் போட்டார்கள், கூரை கட்டினார்கள். பனியை வாரி இறைக்கிற எஞ்சின் இரண்டு 1910, 1912-ல் வாங்கினார்கள், மின்சாரத் தடத்துக்கு நீராவி எஞ்சின்! கம்பி அறுந்துபோகிற நாளில்தானே பனியைத் தள்ள வேண்டியிருக்கும், அப்போது கம்பியை நம்பி நிற்க முடியுமா. அப்பா இதற்கு உடனே தலையாட்டினார். பவர் ஹவுஸையே இருட்டிலிருந்து ஸ்டார்ட் செய்ய தனியாக ஒரு டீசல் செட் வைத்திருப்பார்களாம், அதே புத்திதான்.

ஜப்பானில் ஹக்கோனே மலை ரயில் என்று ஒன்று 1919-ல் வந்தது, அதுவும் பல் இல்லாத மின்சார ரயில், 1000-க்கு 80 ஏற்றம். அவர்களும் இவர்களும் 1979-லிருந்து சகோதர ரயில்கள், அங்கே ஒரு வண்டிக்கு பெர்னினா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆல்ப் க்ரூமிலிருந்து போஸ்கியாவோ வரை ஒரே இறக்கம், 1000 மீட்டருக்கு மேல். வண்டி மடிந்து மடிந்து இறங்குகிறது, ஒரே மரத்தை மூன்று உயரத்திலிருந்து பார்த்தோம். கீழே இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றினோம், ரயிலடிப் பெயர்கள் இத்தாலியனாக மாறின. ராத்திரி பிட்ஸோகெரி சாப்பிட்டோம், பக்வீட் என்கிற தானிய மாவில் செய்த பட்டை நூடுல்ஸ், உருளைக்கிழங்கும் கீரையும் சீஸும் போட்டது. அப்பா பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டு முழுத்தட்டையும் சாப்பிட்டார்.

நாள் 4: புரூசியோ, கம்போகொலோன்யோ, திரானோ

காலையில் மழை, பத்து மணிக்கு விட்டது. லே ப்ரேஸேயில் ரயில் மறுபடியும் ரோட்டில் ஓடுகிறது, எதிரே வந்த லாரி ஒதுங்கி நின்று வழிவிட்டது. அப்புறம் போஸ்கியாவோ ஏரி. இந்த ஏரிதான் விஷயம்.

1904-ல் புரூசியோ மின்நிறுவனம் தொடங்கி, ஏரித் தண்ணீரை மலைக்குள் கொண்டுபோய், 400 மீட்டருக்கு மேல் கீழே கம்போகொலோன்யோவில் இறக்கி, 1907-ல் மின்சாரம் எடுத்தார்கள். பெரும்பகுதி எல்லை தாண்டி இத்தாலியின் மில்களுக்கு விற்பதற்கு. பக்கத்திலேயே வந்த ரயிலுக்கும் அதே மின்சாரம். உச்சியில் லாகோ பியாங்கோவுக்கு அணை கட்டியதும் இதே நிறுவனம்தான். பின்னால் இன்னும் நிலையங்கள் வந்தன. நேற்று நாங்கள் பார்த்த வெள்ளை ஏரியின் தண்ணீர் பாலூ, கவாலியா, ரோபியா, கம்போகொலோன்யோ என்று நாலு இடத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் இத்தாலிக்குள் போகிறது. ரயில் இறங்குகிற வழியே தண்ணீரும் இறங்குகிறது. இந்தப் பக்கத்து மின்சார ரயில்களை வெறும் மலைச்சுற்றுலா என்று எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

புரூசியோவில் இறங்கி நடந்தோம். படத்தில் எல்லோரும் பார்த்த அந்த வட்டப்பாலம்: கல்லில் கட்டிய ஒன்பது வளைவு, 110 மீட்டர் நீளம், 70 மீட்டர் ஆரம். மற்ற இடங்களில் மலைக்குள் சுற்றுவதை இங்கே வெட்டவெளியில் சுற்றியிருக்கிறார்கள், இறக்கம் 1000-க்கு 70-ஐத் தாண்டக்கூடாதே. வட்டத்துக்குள் புல்வெளி, கல் சிற்பங்கள். நாங்கள் நடுவில் நின்றோம். மேலிருந்து வண்டி வந்தது, எங்களைச் சுற்றி ஒரு முழு வட்டம் அடித்தது, சக்கரம் வளைவில் கிறீச்சென்று உரச, தன் பாலத்தின் வளைவுக்குள் தானே புகுந்து கீழே போனது. அப்பா அதோடு சேர்ந்து காலடி எடுத்து வைத்துத் திரும்பிக்கொண்டே இருந்தார். அடுத்த வண்டிக்கும் அங்கேயே காத்திருந்தோம். அதற்கடுத்ததற்கும்.

கம்போகொலோன்யோவில் சரிவில் குழாய் இறங்குகிற இடத்தை ரோட்டிலிருந்தே பார்க்கலாம். பவர் ஹவுஸ் பழைய கல் கட்டடம். வேலிக்கு வெளியேதான் நின்றோம், உள்ளே கேட்கவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார்.

'பெல்டன் வீலு. லோடு கம்மியாத்தான் ஓடுது.'

எப்படிப்பா தெரியும் என்றேன். 'சத்தம் பத்தாது' என்றார். பைக்காராவில் தண்ணீர் விழுவது 3000 அடிக்கு மேல், இதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். சிங்காராவில் நாஸில் முனையிலிருந்து தண்ணீர் பெல்டன் சக்கரத்தின் வாளிகளில் அடிக்கிற சத்தம் நெஞ்சுக்கூட்டில் கேட்குமாம், காதில் இல்லை. ஷிஃப்ட் முடிந்து விஞ்ச்சில் மேலே ஏறும்போது பாதி மலை வரைக்கும் அது கூடவே வரும், அப்புறம் பூச்சிச் சத்தம் மட்டும் இருக்கும் என்றார். இத்தனை வருடத்தில் இதை எனக்குச் சொன்னதில்லை.

திரானோவில் ரயில் மாதா பேராலயத்தின் முன்னால் சதுக்கத்தைக் குறுக்கே கடக்கிறது, மணியடித்துக்கொண்டு, காபி குடிக்கிறவர்களின் மேஜைகளுக்குப் பக்கத்தில். தடம் முடிகிற இடத்தில் வண்டி முட்டி நிற்கிற தடுப்புக் கட்டையை அப்பா போய்த் தொட்டுவிட்டு வந்தார். நோட்டில்: பெர்னினா, 1000.

நாள் 5: மெசோக்கோ

இதற்கு யாரும் வரமாட்டார்கள். திரானோவிலிருந்து பஸ்ஸில் லுகானோ, ரயிலில் பெல்லின்ஸோனா, மறுபடி பஸ்ஸில் மெசோக்கோ. பஸ் பெரும்பாலும் பழைய ரயில் போன பள்ளத்தாக்கிலேயே போகிறது.

பெல்லின்ஸோனாவிலிருந்து மெசோக்கோ வரை 31 கிலோமீட்டர், மீட்டர் கேஜ், 1500 வோல்ட் டி.சி. 1907-ல் திறந்தது, பெர்னினாவுக்கும் மூத்தது. சென்னை பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ல் முதன்முதலாக மின்சார ரயில் விட்டபோது அதுவும் இதே கணக்குத்தான், மீட்டர் கேஜ், 1500 டி.சி. இந்தத் தடத்தை மலையைத் தாண்டி சான் பெர்னார்டினோ வழியாக தூசிஸ் வரை கொண்டுபோய் அந்தப் பக்கத்து ரயிலோடு சேர்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். நடக்கவில்லை. மெசோக்கோவிலேயே நின்றுபோனது.

அரோசா, பெர்னினா, மெசோக்கோ மூன்றும் தனித்தனி நிறுவனங்களாகப் பிறந்து, கடனில் தள்ளாடி, 1942, 43-ல் ரேத்திய ரயில்வேயில் வந்து சேர்ந்தவை. ஒரே கூரைக்குக் கீழே நாலு மின்சாரம். அரோசாவும் பெர்னினாவும் பெரிய தடத்தோடு ஒட்டியிருந்தன, பிழைத்துக்கொண்டன. மெசோக்கோ மட்டும் மலைக்கு அந்தப் பக்கம், தனியாக, சொந்த வோல்டேஜோடு. 1967-ல் சான் பெர்னார்டினோவில் சாலைச் சுரங்கம் திறந்தார்கள், ரயில் போக ஆசைப்பட்ட வழியில் கார் போனது. 1972-ல் பயணிகள் வண்டி நின்றது. 1978 ஆகஸ்டில் வெள்ளம் மேல்பகுதித் தடத்தை அரித்துக்கொண்டு போனது. கீழே சரக்கு மட்டும் 2003 வரை. ஆர்வலர்கள் சிலர் காமா என்ற ஊர் வரைக்கும் பழைய வண்டிகளைக் கோடையில் ஓட்டினார்கள், அதுவும் 2013-ல் முடிந்தது.

தனியாக இருந்ததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். நஷ்டம் மூன்றுக்கும் இருந்தது.

மெசோக்கோவில் பாறைமேல் பெரிய இடிந்த கோட்டை, கீழே நெடுஞ்சாலை இரைச்சல். நாங்கள் பழைய தடத்தைத் தேடி நடந்தோம். புல் மூடிய ஒரு மேடு ரயில் போகிற மாதிரியே வளைந்து போனது, ஏற்றம் ரோட்டுக்கு உரியதில்லை, அதைக் கண் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுகிறது. கொஞ்ச தூரத்தில் ஓடைக்குக் குறுக்கே கல்லில் ஒரு சின்னப் பாலம், மேலே ஒன்றும் இல்லை. அப்பா கம்பம் நின்ற இடம் ஏதாவது தெரிகிறதா என்று புல்லைக் காலால் விலக்கிப் பார்த்தார். கான்கிரீட் அடிக்கட்டை ஒன்று இருந்தது, நாலு போல்ட்டும் அறுத்து எடுத்து, துரு மட்டும் வட்டமாக. அது கம்பத்தின் அடியா வேறு எதனுடையதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் குனிந்து போல்ட்டுக்குப் போல்ட்டு எவ்வளவு இடைவெளி என்று சாண் வைத்து அளந்தார்.

பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அந்தக் கட்டையிலேயே உட்கார்ந்து நோட்டை எடுத்தார். தேதி போட்டார். மெசோக்கோ. 1500. குறிப்புக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அவருடைய சாய்ந்த கையெழுத்தில் எழுதினார்: 'எல்.சி. திரும்பி வரல.'